ஓநாய், நாய், டால்பின், காக்கை: விலங்கு மனம் பற்றிய புத்தகங்கள் நம்மைத் திருத்துமா?

பழையபேப்பர்

கொஞ்ச காலமாக இரண்டு வகைப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்து வருகிறேன். ஒன்று, விலங்குகளின் மனத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியது. ஃபிரான்ஸ் டி வால், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், பெர்ன்ட் ஹைன்ரிச் போன்றவர்கள். மற்றது, நாலு பேரிடம் எப்படிப் பழகுவது, எப்படி முன்னேறுவது என்று சொல்லிக்கொடுக்கும் வகை. இரண்டாம் வகை ஆசிரியர்களுக்கு முதல் வகை மேல் எப்போதும் ஒரு கண் இருக்கிறது.

டேல் கார்னகியையே எடுங்கள். 1936ல் வந்த புத்தகம், இன்றும் தமிழில் விற்கிறது. நண்பர்களைச் சம்பாதிப்பதில் உலகத்திலேயே கெட்டிக்காரர் யார் என்று கேட்டுவிட்டு, தெருவில் வாலாட்டிக்கொண்டு எதிரே வரும் நாயைக் காட்டுகிறார். தான் சிறுவனாக இருந்தபோது வளர்த்த டிப்பி என்ற நாய் உளவியல் புத்தகம் எதையும் படித்ததில்லை என்றும் சொல்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 2018ல் கனடா உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சன் தன் புத்தகத்துக்குச் சிங்கி இறாலைக் கூட்டிவந்தார். சண்டையில் ஜெயித்த இறால் நிமிர்ந்து நிற்கிறது, நீயும் தோளை நிமிர்த்தி நில் என்றார். சிங்கி இறாலின் வம்சமும் நம் வம்சமும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இறாலை விடுங்கள், இவற்றில் அதிகம் அடிபட்டது ஓநாய்தான்.

சண்டையில் ஜெயித்துக் கூட்டத்துக்குத் தலைவனாகிறவன்தான் 'ஆல்ஃபா' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947ல் எழுதிய கட்டுரையிலிருந்து. அதை டேவிட் மெக் என்பவர் 1970ல் வந்த தன் ஓநாய்ப் புத்தகத்தில் எடுத்தாண்டார், உலகமெல்லாம் பரவியது. அப்புறம் அதே மெக், 1986 முதல் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போய், காட்டு ஓநாய்களைக் கோடை தோறும் பக்கத்திலிருந்து பார்த்தார். அங்கே பதவிச் சண்டை எதுவும் இல்லை. ஓநாய்க் கூட்டம் என்பது ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்களுடைய பிள்ளைகள். அவ்வளவுதான். 1999ல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார், 2022ல்தான் நிறுத்தினார்கள். ஆனால் 'ஆல்ஃபா ஆவது எப்படி' வகையறா இன்னும் நிற்கவில்லை.

என் கட்சி இதுதான்: சுயமுன்னேற்ற எழுத்தில் முடிவு முதலிலேயே தயாராக இருக்கிறது, விலங்கைச் சாட்சிக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். விலங்கு மனம் பற்றிய நல்ல புத்தகங்கள் 'இதைப் போல் இரு' என்று சொல்வதே இல்லை. எதிரில் இருக்கும் உயிரின் உள்ளே என்ன ஓடுகிறது என்று நாம் எவ்வளவு அவசரமாக முடிவுகட்டுகிறோம் என்பதைத்தான் அவை பக்கத்துக்குப் பக்கம் காட்டுகின்றன. மனிதரிடம் நாகரிகமாக நடக்க எனக்கு அதுவே பெரிய பாடமாகத் தோன்றுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அரைத்தூக்கம்

அப்படியென்றால் எங்கள் ஜிம் டிரெய்னர் 'ஆல்ஃபா' என்று எழுதிய டீஷர்ட் போட்டுக்கொண்டு வருவது, அவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்ற அறிவிப்பா? நாளைக்கு வாழ்த்து சொல்லிவிடுகிறேன்.

நெய்தல்

பழையபேப்பர் சார், விலங்கைச் சாட்சிக்கு அழைப்பது அமெரிக்காவில் தொடங்கியது போல எழுதியிருக்கிறீர்கள். பதினெண்கீழ்க்கணக்கில் ஆசாரக்கோவை இருக்கிறதே. பெருவாயின் முள்ளியார் பாடியது, நூறு வெண்பா. எப்படிக் குளிப்பது, எந்தத் திசை பார்த்து உண்பது, பெரியவர் முன் எப்படி இருப்பது என்று முழுக்க நடத்தை விதிகள். கல்லூரியில் இதைப் பாடம் எடுத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சில விதிகளைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும், சில விதிகளைப் பார்த்தால் கோபம் வரும். அதன் கடைசிப் பாடல்களில் ஒன்று எறும்பையும் தூக்கணாங்குருவியையும் காக்கையையும் காட்டுகிறது. அவை தம் வேலையை விடாமல் செய்வது போலத் தம் வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒழுக்கம் எப்படியும் கைகூடும் என்கிறது. நீங்கள் குறை சொல்லும் அதே உத்திதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். எறும்பு மனத்துக்குள் என்ன நினைக்கிறது என்று முள்ளியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணால் பார்க்கக்கூடியதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த அளவுக்கு அது நேர்மையான உபதேசம்.

அதே நூலில் இன்னொரு பாடல் எனக்கு இன்னும் பெரியது. விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் இவர்களுக்கு உணவு கொடுக்காமல் ஒழுக்கம் தவறாதவர் உண்ணமாட்டார் என்கிறது. பசுவும் பறவையும் இங்கே உவமையாக வரவில்லை. நமக்கு முன்னால் சாப்பிட வேண்டியவர்களின் பட்டியலில், பெரியவருக்கும் குழந்தைக்கும் நடுவில் வருகிறார்கள். விலங்கிடமிருந்து நாகரிகம் கற்பது ஒரு பக்கம் இருக்கட்டும், விலங்கிடம் நாகரிகமாக நடப்பதைப் பற்றி எந்தச் சுயமுன்னேற்றப் புத்தகமாவது பேசுகிறதா?

பழையபேப்பர்

நெய்தல் டீச்சர், அந்த இரண்டாவது பாடலுக்கு என்னிடம் மறுப்பே இல்லை. முதல் பாடலுக்கும் நீங்கள் சொன்ன விளக்கம் சரிதான்.

காக்கையைப் பற்றி மட்டும் ஒன்று. ஹைன்ரிச் 1989ல் எழுதிய ரேவன் புத்தகம் முழுக்க ஒரே கேள்விதான். ரேவன் என்பது நம் அண்டங்காக்கையின் பெரிய உறவுக்காரன். அமெரிக்காவின் மெய்ன் காட்டில், உறைபனிக் காலத்தில், செத்த மாடும் மானும் கிடைக்கிற இடத்தில் ரேவன்கள் சத்தம் போட்டு மற்றவற்றைக் கூப்பிடுகின்றன. பட்டினி காலத்தில் கிடைத்ததை ஏன் பங்கு போட வேண்டும்? அந்த ஆள் செத்த மாட்டைத் தானே இழுத்துக்கொண்டு போய்ப் பனியில் போட்டுவிட்டு, விடிவதற்கு முன்னால் மறைந்து உட்கார்ந்து பார்க்கிறார். விடை சுவாரசியமானது. அந்த இடத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் ஜோடிப் பறவைகள் கூப்பிடுவதில்லை, விரட்டுகின்றன. கூப்பிடுவது சொந்த இடம் இல்லாத இளவட்டங்கள். தனியாகப் போனால் அந்த ஜோடி அடித்துத் துரத்திவிடும். கும்பலாகப் போனால் சாப்பிட முடியும். இதில் தாராள மனசைத் தேட வேண்டியதில்லை. ஆள் சேர்த்துக்கொண்டு பந்திக்குள் நுழைகிறார்கள். 'காக்கையைப் பார், பகிர்ந்து உண்' என்று வகுப்பில் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டுமா இல்லையா?

நெய்தல்

தாராளமாகச் சொல்லலாம், வள்ளுவருக்கு அதில் ஆட்சேபம் இருக்காது. காக்கை கரைந்து உண்ணும் அந்தக் குறள் சுற்றந்தழால் அதிகாரத்தில் வருகிறது, ஈகை அதிகாரத்தில் இல்லை. சுற்றத்தைக் கூட்டி உண்கிறவர்களுக்குத்தான் ஆக்கம் உண்டு என்கிறார். காக்கைக்குக் கருணை இருக்கிறது என்று எங்கே சொன்னார்? ஆள் சேர்த்தால் லாபம் என்றுதான் சொன்னார். உங்கள் ஹைன்ரிச் பனியில் உட்கார்ந்து கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட அதுதானே.

அரைத்தூக்கம்

டீச்சருக்கு ஒரு பாயிண்ட்.

மாட்டுடாக்டர்

நான் கால்நடை மருத்துவர். புத்தகம் குறைவாகத்தான் படிப்பேன். ஆனால் ஹோரோவிட்ஸின் ஒரு ஆய்வை என் வேலையில் வாரம் தவறாமல் பயன்படுத்துகிறேன், அதனால் எழுதுகிறேன்.

நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது: 'தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியும் சார், முகத்தைப் பாருங்க.' காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலைக் கவட்டைக்குள் வைத்துக்கொள்ளும் அந்த முகம். 2009ல் ஹோரோவிட்ஸ் அதைத்தான் சோதித்தார். 14 நாய்கள், அவற்றை வளர்ப்பவர்கள். பிஸ்கட்டைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போக வேண்டும். அவர் இல்லாதபோது ஆய்வாளர் சில சமயம் பிஸ்கட்டை நாய்க்கே கொடுத்துவிடுவார், சில சமயம் எடுத்துவிடுவார். திரும்பி வருகிறவரிடம் நாய் தின்றது, தின்னவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். தின்றது என்று கேள்விப்பட்டால் வளர்ப்பவர் நாயைத் திட்டுவார்.

நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. திட்டினால் அந்த முகம் வரும், திட்டாவிட்டால் வராது. அதிகமாக வந்தது எந்த நாய்களுக்குத் தெரியுமா? தின்னாமல் ஒழுங்காக இருந்தும் திட்டு வாங்கியவற்றுக்கு. அந்த முகத்துக்குப் பொருள் 'நீ கோபமாக இருக்கிறாய், என்னை ஒன்றும் செய்யாதே' என்பதுதான். நாம் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறோம்.

இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. ஒரு அம்மா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'எங்க வீட்டுப் பையனும் இப்படித்தான் நிப்பான் சார்' என்றார்.

மணிகட்டாத_பூனை

டாக்டர் சார், அந்தக் கடைசி வரியை எங்கள் அலுவலகக் கதவில் ஒட்டலாம். நான் ஒரு நிறுவனத்தில் ஆட்களை எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். புகார் வந்தால் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பது என் வேலை. 'முகத்திலேயே தெரிந்தது' என்று மேலதிகாரிகள் சொல்லாத விசாரணையே கிடையாது. பயந்த முகமும் குற்றமுள்ள முகமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதை நாயை வைத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள், மனிதரை வைத்துச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் நாய்க்குக் குற்ற உணர்வே கிடையாது என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா?

பழையபேப்பர்

கட்டக் கூடாது. ஹோரோவிட்ஸே அப்படிக் கட்டவில்லை. அந்த முகம் குற்ற உணர்வுக்குச் சாட்சி ஆகாது என்பதோடு நிறுத்துகிறார்.

எதிர்ப்பக்கம் டி வால் எடுத்துக் காட்டும் ஒரு சம்பவம் உண்டு. விலங்கு நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸிடம் புல்லி என்ற நாய் இருந்தது. ஒரு நாய்ச் சண்டையை லோரன்ஸ் விலக்கப் போனபோது புல்லி தெரியாமல் அவர் கையைக் கடித்துவிட்டது. அவர் திட்டவில்லை, தடவிக்கொடுத்தார். ஆனாலும் அது நாள்கணக்கில் சாப்பாடு பிடிக்காமல் சுருண்டு கிடந்தது. அதுவரை எஜமானரைக் கடித்தே பழக்கமில்லாத நாய், அதனால் தண்டனைக்குப் பயந்தது என்று சொல்லவும் வழியில்லை. ஒரே ஒரு நாய், ஒரே ஒரு சம்பவம், சோதனை அல்ல. ஆனாலும் தூக்கிப்போட முடியவில்லை. இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, அவசரப்படாமல் உட்கார வைக்கிறதே, இந்த வகைப் புத்தகங்களிடம் எனக்குப் பிடித்தது அதுதான். சுயமுன்னேற்றப் புத்தகத்தில் புல்லி மட்டும் வரும், அத்தியாயத்தின் தலைப்பு 'விசுவாசம்' என்று இருக்கும்.

மணிகட்டாத_பூனை

சுயமுன்னேற்றத்தை இப்படி ஒட்டுமொத்தமாகத் தள்ளாதீர்கள் அண்ணா. கேரன் பிரையர் என்று ஒருவர். 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். அவர் 1984ல் எழுதிய 'டோன்ட் ஷூட் த டாக்' உங்கள் இரண்டு அலமாரியிலும் வைக்கலாம்.

டால்பினிடம் ஒரு சிக்கல். அதற்குக் கயிறு கட்ட முடியாது, அடிக்க முடியாது, திட்டினால் புரியாது. பிடிக்கவில்லையென்றால் நீந்திப் போய்விடும். அதனால் தண்டனை என்ற ஆயுதமே பழக்குகிறவர் கையில் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: அது சரியாகச் செய்யும் அந்த நொடியைக் கவனித்து, விசில் ஊதி, மீன் கொடுப்பது. கவனம் முழுக்கப் பழக்குகிறவருடையது. பிரையர் இதை அப்படியே மனிதருக்குக் கொண்டுவருகிறார். பிள்ளை, அறைத்தோழன், மாமியார், முதலாளி எல்லோரும் வருகிறார்கள். வேண்டாத பழக்கத்தை ஒழிக்க எட்டு வழிகளைச் சொல்கிறார், முதல் வழி ஆளையே சுட்டுவிடுவது. தலைப்பு அங்கிருந்துதான். வேலை நிச்சயமாக முடியும், ஆனால் அப்புறம் ஆள் இருக்க மாட்டார்.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது மாலியா என்ற டால்பின் கதை. புதிதாக ஏதாவது செய்தால் மட்டுமே மீன், நேற்று செய்ததற்குக் கிடையாது என்று விதியை மாற்றினார்கள். மாலியா தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தது, மீன் வரவில்லை. எரிச்சலில் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் விஷயம் பிடிபட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காத, அந்த வகை டால்பின் செய்து யாரும் பார்த்திராத குட்டிக்கரணங்களையும் நீச்சல்களையும் வரிசையாக எடுத்துவிட ஆரம்பித்தது. இதை இன்னொரு டால்பினை வைத்துத் திரும்பச் செய்து 1969ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். குழுவில் 'புதுசா யோசிங்க' என்று சொல்லிவிட்டு, பழைய மாதிரியே செய்கிறவனுக்குப் பாராட்டு கொடுக்கும் மேலாளர்களை எனக்குத் தெரியும்.

வடமராட்சியான்

மன்னிக்க வேணும், எனக்கு இந்த இடத்தில் ஒரு கூச்சம் இருக்கு. மனைவியையும் பிள்ளையையும் வேலையாளையும் மீன் போட்டுப் பழக்குவது எந்த ஊர் மரியாதை? கார்னகி மேலேயும் இதே குற்றச்சாட்டுத்தானே. அவர் 'உண்மையாகவே அக்கறை காட்டு' என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார், ஆனால் எதற்காக என்று கேட்டால் பொருள் விற்பதற்காக.

மணிகட்டாத_பூனை

நியாயமான கேள்வி. இதற்குச் சரியான உதாரணமே இருக்கிறது. ஏமி சதர்லாண்ட் என்ற பத்திரிகையாளர் கலிஃபோர்னியாவில் விலங்கு பழக்குநர்களுக்கான பள்ளியில் தங்கி ஒரு புத்தகத்துக்காகக் குறிப்பெடுத்தார். அங்கே பார்த்ததையெல்லாம் வீட்டில் கணவர் மேல் பரிசோதித்தார். அழுக்குச் சட்டையைக் கூடையில் போட்டால் நன்றி, தரையில் போட்டால் கண்டுகொள்வதில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டைப் புரட்டும்போது கூடவே சேர்ந்து தேடாமல், கோபப்படாமல், பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பது. இதை 2006ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார், பயங்கரமாகப் பரவியது. படித்த பாதிப் பேர் உங்களைப் போலத்தான் கொதித்தார்கள்.

ஆனால் கட்டுரை எப்படி முடிகிறது தெரியுமா? சதர்லாண்ட் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு வலியைப் பற்றிப் புலம்புகிறார். கணவர் ஒன்றும் சொல்லாமல், முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்.

நான் சொல்வது இது: திட்டுவதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும் குத்திக்காட்டுவதும் பழக்குதல்தான். எல்லா வீட்டிலும் நடக்கிறது, மோசமாக நடக்கிறது. நன்றி சொல்லிப் பழக்குவது மட்டும் ஏன் சூழ்ச்சி ஆகிவிடுகிறது?

நெய்தல்

இந்த இடத்தில் நான் வடமராட்சியான் பக்கம். திட்டுகிற மனிதர் தன் கோபத்தை ஒளிக்கவில்லை, எதிரில் இருப்பவர் திருப்பிப் பதில் சொல்லலாம். சத்தமில்லாமல் பழக்குகிறவரிடம் அந்த வாய்ப்பு கிடையாது. சதர்லாண்டின் கணவருக்கு விஷயம் தெரிந்தது, அதனால்தான் அந்தக் கட்டுரை சிரிப்பாக முடிகிறது. தெரியாமலே இருந்திருந்தால் அதே கட்டுரை வேறு மாதிரிப் படிக்கப்பட்டிருக்கும். விதி இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தால் அது மரியாதை.

மாட்டுடாக்டர்

டீச்சர் சொன்ன அந்த விதி வேலை செய்யும். மாட்டுக்கு ஊசி போடும்போதுகூட முன்னால் வந்து, கழுத்தில் கை வைத்து, நான் இருக்கிறேன் என்று காட்டிவிட்டுத்தான் போடுவேன். பின்னால் வந்து போட்டால் உதை நிச்சயம்.

பழையபேப்பர்

பூனை முன்பு விசாரணை பற்றிச் சொன்னதால் ஹான்ஸ் குதிரை ஞாபகம் வருகிறது. கதை பலருக்குத் தெரியும், ஆனால் அதன் பின்பாதியை யாரும் சொல்வதில்லை.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபோன் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் குதிரை ஹான்ஸ் கூட்டல், கழித்தல், பின்னம் எல்லாம் போட்டுக் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904ல் நிபுணர் குழு வந்து பார்த்தது, மோசடி எதுவும் இல்லை என்றது. உண்மையில் மோசடி இல்லைதான். வாத்தியார் காசுகூட வாங்கவில்லை. அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் வந்தார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாவிட்டாலும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணை எட்டும்போது கேட்பவரின் தலையோ புருவமோ தன்னையறியாமல் கொஞ்சம் அசைகிறது. ஹான்ஸ் அதைப் பார்த்து நிறுத்துகிறது.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். பின்பாதி: இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை நிறுத்த முடியவில்லை. தெரிந்தும், முயன்றும், உடம்பு சொல்லிவிடுகிறது. அதனால்தான் இன்றும் ஒழுங்கான சோதனைகளில் விலங்கின் முன் நிற்பவருக்கு விடை தெரியாதபடி ஏற்பாடு செய்கிறார்கள். அவர் நல்லவரா, கவனமானவரா என்று யாரும் பார்ப்பதில்லை. அவரையும் நம்பாத மாதிரி ஏற்பாட்டையே மாற்றிவிடுகிறார்கள்.

சுயமுன்னேற்றப் புத்தகங்கள் என்னைத் திருத்தப் பார்க்கின்றன. இவர்கள் அறையைத் திருத்துகிறார்கள். என் வயதுக்கு இரண்டாவதுதான் நடக்கக்கூடியது.

மணிகட்டாத_பூனை

நேர்முகத் தேர்வில் இதைச் செய்யலாம். முதல் சுற்றுக்கான விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு விண்ணப்பதாரரின் பெயரும் கல்லூரியும் தெரியக் கூடாது. நாங்கள் ஒரு பிரிவில் மட்டும் செய்கிறோம். மற்ற பிரிவுகளில் எதிர்ப்பு. ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடுவேன் என்கிறார்கள்.

அரைத்தூக்கம்

அவர்களுக்கு ஒரு குதிரை வாங்கிக் கொடுங்கள்.

வடமராட்சியான்

நீங்கள் எல்லாரும் இதை நாய்க்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டீர்கள். எனக்கு இன்னொரு மனக்குறை. வாசிப்பதெல்லாம் எதற்காவது பயன்பட வேணுமா?

பீட்டர் காட்ஃப்ரே-ஸ்மித்தின் ஆக்டோபஸ் புத்தகத்தை வாசித்தேன். நாங்கள் கணவாய் பிடிக்கிற ஊர்க்காரர், அப்பா வலை தைத்தவர். சாக்குக்கணவாய், அதுதான் ஆக்டோபஸ், கறிக்குத்தான் என்று வளர்ந்த ஆள் நான். அதுக்கு ஏறக்குறைய ஐம்பது கோடி நரம்பணுக்களாம். அதில் பெரும் பங்கு தலையில் இல்லையாம், கைகளில் இருக்காம். ஒவ்வொரு கையும் பாதித் தன்னிச்சையாகத் தொட்டுச் சுவைத்துத் தேடுது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தொட்டிகளில் இருந்த ஆக்டோபஸ்கள் ஆள் இல்லாத நேரம் பார்த்து விளக்கு மேலே தண்ணி பீய்ச்சி அணைத்துவிடுமாம். கடைசியில் அவற்றைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இவ்வளவு மூளை இருந்தும் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருசம்தான் உயிர் வாழும்.

இதிலிருந்து நான் எந்த நல்ல பழக்கமும் கற்கவில்லை. ஆக்டோபஸ் தனிமையில் வாழுது, தாய் முட்டை பொரிக்கிறதோடு செத்துப்போகுது. அதைப் பார்த்து எவருக்கு என்ன உபதேசம் சொல்ல ஏலும்? அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்ததே அதால்தான். அது என்னைப் பற்றிய புத்தகம் இல்லை.

பழையபேப்பர்

இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன். படித்த பிறகு சாக்குக்கணவாய் சாப்பிடுகிறீர்களா?

வடமராட்சியான்

சாப்பிடுகிறேன். முன்பைவிடக் குறைவு. அதை நல்ல பழக்கம் என்று எழுதிவிடாதீர்கள், விலையும் கூடிவிட்டது.

மாட்டுடாக்டர்

இங்கே ஒரு எச்சரிக்கை போட்டுவிடுகிறேன். விலங்கு ஆய்வுப் புத்தகத்திலும் வரும் எல்லாம் வேதவாக்கு இல்லை. வெள்ளரிக்காயும் திராட்சையும் கொடுத்த அந்தக் குரங்கு வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் கூண்டுக்குத் திராட்சை, தனக்கு வெள்ளரிக்காய் என்றதும் தூக்கி எறியும். 2003ல் சாரா பிராஸ்னனும் டி வாலும் வெளியிட்ட ஆய்வின் தொடர்ச்சி. குரங்குக்கே நியாய உணர்வு இருக்கிறது என்று சம்பள உயர்வுப் பேச்சுகளில் காட்டுகிறார்கள். அதற்கப்புறம் வேறு குழுக்கள் செய்த சோதனைகளில் சில அதே முடிவைத் தரவில்லை. திராட்சை கண்ணுக்கு எதிரே இருக்கும்போது வெள்ளரிக்காய் பிடிக்காமல் போவதற்கு நியாய உணர்வு தேவையில்லை, எதிர்பார்ப்பு போதும் என்பது அவர்கள் வாதம். விவாதம் இன்னும் ஓடுகிறது.

நெய்தல்

டி வாலையே அரசியல்வாதிகள் எடுத்து ஆண்டது தெரியுமா? 1982ல் அவர் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் மிருகக்காட்சிசாலைச் சிம்பன்சிகளின் பதவிப் போட்டியைப் பற்றி எழுதினார். 1994ல் நியூட் கிங்ரிச் அதை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்த உறுப்பினர்களுக்குப் படிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தார். அதே டி வால் பிற்காலத்தில், நல்ல சிம்பன்சித் தலைவன் சண்டையை விலக்குபவன், அடிவாங்கியவனிடம் போய் உட்காருபவன், பலவீனமானவன் பக்கம் நிற்பவன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். 2024ல் இறந்தார். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

புதுவாசகி_தேனி

எல்லாம் படித்தேன், நன்றி. நான் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? தமிழில் ஏதாவது உண்டா அக்கா?

நெய்தல்

உண்டும்மா. மா. கிருஷ்ணன் கட்டுரைகள், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக இருக்கிறது. தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அவருடைய சொந்தக் கட்டுரைகளையும் தேடிப் படி. அவற்றில் ஆய்வுக்கூடச் சோதனை இருக்காது, நின்று பார்க்கும் கண் இருக்கும். அதை முதலில் பழகிக்கொள்.

பழையபேப்பர்

ஆங்கிலத்தில் டி வால் 2016ல் எழுதிய புத்தகத்தில் தொடங்கலாம். விலங்குகள் எவ்வளவு புத்திசாலிகள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு நமக்குப் புத்தி இருக்கிறதா என்பதுதான் தலைப்பே. வாக்கியங்கள் எளிமையானவை, அத்தியாயத்தை மாற்றிப் படித்தாலும் புரியும். யானையும் கண்ணாடியும் வரும் பகுதியை முதலில் படித்துவிடு. முதலில் யானைக்குக் கண்ணாடி வைத்தவர்கள் சின்னக் கண்ணாடியைக் கம்பிக்கு வெளியே வைத்துவிட்டு, யானைக்குத் தன்னைத் தெரியவில்லை என்று எழுதினார்கள். 2006ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் யானை முழுசாகத் தெரிகிற அளவுக்குப் பெரிய கண்ணாடியை, அது தொட்டு முட்டிப் பார்க்கும்படி உள்ளேயே வைத்தார்கள். ஹேப்பி என்ற யானை தன் நெற்றியில் போட்ட வெள்ளைக் குறியைத் தும்பிக்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

மாட்டுடாக்டர்

கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. ஏதாவது ஒரு விலங்கைத் தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, செய்ததை மட்டும் எழுதுங்கள். 'கோபப்பட்டது', 'பொறாமைப்பட்டது' என்று எழுத வேண்டாம், காது எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதுங்கள். தெருநாய் போதும்.

புதுவாசகி_தேனி

எங்கள் வீட்டில் சேவல் இருக்கிறது சார். அதற்கு என்னைக் கண்டாலே ஆகாது. சரி, அப்படி எழுதக் கூடாது இல்லையா? நான் வாசலுக்கு வந்தால் இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றி வருகிறது.

மாட்டுடாக்டர்

அருமை. பெட்டைக்கோழிகள் பக்கத்தில் இருக்கும்போதும் இல்லாதபோதும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து இங்கேயே போடுங்கள், பார்க்கலாம். அதுவரை செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.